விடுமுறைக் கணக்கு – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

கோடை விடுமுறை முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பள்ளி திறந்தால் எனக்குக் கடைசி வருடம். விடுமுறை தொடங்கிய அன்று ராத்திரி ஒரு நோட்டில் எட்டு விஷயங்கள் எழுதினேன். தினமும் ஒரு கை வரைய வேண்டும் (மனிதக் கை, எனக்கு வரவே வராது), நீச்சல் கற்க வேண்டும், பன்னிரண்டு புத்தகம், அடுத்த வருடக் கணக்கில் நான்கு அத்தியாயம், ஐந்து மணிக்கு எழுவது, இப்படி. நேற்று அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட முழுதாக முடியவில்லை. கை 23 நாள் வரைந்தேன். நீச்சலில் மிதக்க வருகிறது, மூச்சு வாங்கத் தலையைத் திருப்பினால் மூழ்கிவிடுகிறேன், மூன்று வாரமாக அதே இடத்தில் நிற்கிறேன். புத்தகம் நான்கு. கணக்கு பாதி அத்தியாயம்.

நடுவில் பாட்டி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. வரைவது நின்றது அன்றைக்குத்தான், அப்புறம் தொடவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பகலில் நான்தான் கூட இருந்தேன். வந்த அன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்தார்கள். அடுத்த வாரம் பதினோரு அடி. போன வாரம் ஜன்னல் வரை போய் வெளியே பார்த்தார்கள். அன்று வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் பாட்டியைக் காரணமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் தூங்கும் நேரத்தில் நான் எதையாவது செய்திருக்கலாம். ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறைக்கு முன்னால் இருந்த அதே ஆளாகத்தான் பள்ளிக்குத் திரும்பப் போகிறேன் என்று தோன்றுகிறது. நாம் முன்னேறியிருக்கிறோமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள மகளுக்கு,

நீ என்றே எழுதுகிறேன். முதலில் ஒன்று: நோட்டைக் கிழிக்காதே. 

உன் வயதில் நானும் ஒரு விடுமுறைக்கு இப்படித் திட்டம் போட்டேன். தினமும் ஒரு கதை. ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் கோடு போட்டு, நாள் எண்கள்கூட எழுதி வைத்திருந்தேன். நான்கு கதை எழுதினேன், ஐந்தாவது பாதியில் நின்றது. பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு, காலியாகக் கிடந்த பக்கங்களைப் பார்க்கச் சகிக்காமல் எழுதிய பக்கங்களையும் சேர்த்துக் கிழித்துப் போட்டேன். கிழித்தபோது மனசு லேசானது போல இருந்தது. பிறகு எத்தனையோ வருடம் எழுதினேன். நான் எங்கிருந்து கிளம்பினேன் என்று பார்க்க நினைத்தபோதெல்லாம் கையில் ஒன்றும் இல்லை. அந்தக் கதைகள் மோசமாகத்தான் இருந்திருக்கும். எவ்வளவு மோசம், எந்த இடத்தில் மோசம் என்பதுதான் எனக்குத் தேவைப்பட்டது. அதை நானே அழித்துவிட்டேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். முன்னேறியிருக்கிறோமா என்று பார்க்க நீ எடுத்த அளவுகோல் அந்த எட்டு வரிப் பட்டியல். அதை எழுதியது யார்? விடுமுறையின் முதல் இரவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். அவளுக்கு ஒரு கை வரைய எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது, ஏனென்றால் அதுவரை அவள் தினமும் உட்கார்ந்து வரைந்ததில்லை. தண்ணீரில் மூச்சு விடுவது என்றால் என்ன என்று தெரியாது. பாட்டி விழப்போகிறார்கள் என்றும் தெரியாது. இது எதுவுமே தெரியாமல் அவள் போட்ட ஒரு உத்தேசத்தை வைத்து, இரண்டு மாதம் வாழ்ந்து பார்த்த உன்னை நீ எடை போடுகிறாய்.

உத்தேசம் தப்புவது உனக்கு மட்டும் நேர்வதில்லை. 1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பட்டப்படிப்பின் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாம் தப்பாகப் போகும் என்று நினைத்துச் சொன்ன கணக்குகூடப் போதவில்லை. இத்தனைக்கும் அவர்கள் வேலையின் நடுவில் இருந்தவர்கள். நீ தொடங்கவே இல்லாதபோது எழுதியவள். பட்டியல் போடுவது நல்ல பழக்கம், தொடர்ந்து போடு. ஆனால் அது கிளம்பும்போது திசை பார்க்க உதவும் பொருள். வந்து சேர்ந்த பிறகு தூரத்தை அளக்க வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. நீ அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பாட்டியைப் பற்றி எழுதிய வரிகளை மறுபடி படித்துப் பார். நான்கு அடி, பதினோரு அடி, ஜன்னல் வரை. நீ எண்ணியிருக்கிறாய். வாரக் கணக்கோடு ஞாபகம் வைத்திருக்கிறாய். 'விழுவதற்கு முன் தெருமுனை வரை நடந்தவர், இப்போது ஜன்னல் வரைதான் போகிறார்' என்று நீ எழுதவில்லை. 'இந்நேரம் படி ஏறியிருக்க வேண்டும்' என்றும் எழுதவில்லை. நான்கு பதினொன்றானதைப் பார்த்தாய், சந்தோஷப்பட்டாய். முன்னேற்றத்தை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி இதுதான். அதை நீ பாட்டிக்குச் செய்தாய். உனக்குச் செய்துகொள்ளவில்லை.

இப்போது செய்து பார்ப்போம். முதல் நாள் வரைந்த கையையும் 23-ஆம் நாள் வரைந்த கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதே. கட்டைவிரல் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார். புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் அதை உள்ளங்கையின் ஓரத்தில் ஒட்டவைத்தது போல வரைவார்கள். நாளாக ஆக, அது மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்கி, உள்ளங்கையின் தடித்த சதையோடு சேர்ந்து அசைகிறது என்று கண் கண்டுபிடிக்கும். விரல் கணுக்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா, வளைந்து போகின்றனவா? நகம் வட்டமாக மேலே ஒட்டியிருக்கிறதா, விரலின் உருளையோடு திரும்புகிறதா? ஏதாவது ஒன்று மாறியிருக்கும். 23 தடவை ஒரே பொருளை உட்கார்ந்து பார்த்த கண் முன்பு பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருக்காது. உன் பார்வையில் அந்தக் கைகள் இன்னும் மோசமாகத் தெரியலாம். அதுவும் மாற்றத்தின் ஓர் அடையாளம்தான், தப்பைப் பார்க்கிற கண் கையைவிட முன்னால் போய்விட்டது.

நிறுத்திவிட்டேனே, எல்லாம் போயிருக்குமே என்று உனக்குத் தோன்றும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் தன்னைத்தானே சோதித்து எழுதிய ஒரு விஷயம் இங்கே உதவும். அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். பிறகு, 'எவ்வளவு ஞாபகம் இருக்கிறது' என்று கேட்காமல், 'மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது' என்று கணக்கெடுத்தார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆனால் 31 நாள் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மிச்சமானது. அர்த்தமே இல்லாத அசைகளுக்கே இப்படி. 22 வருடத்துக்கு முன் மனப்பாடம் செய்த சில கவிதைகளைப் பிற்காலத்தில் மறுபடி படித்தபோதும், புதிய கவிதைகளைவிட அவை சீக்கிரம் வந்தன. மறந்துவிட்டது என்று நாம் நினைப்பதற்கு அடியில் ஏதோ ஒன்று தங்கியிருக்கிறது, திரும்பப் போய்த் தொட்டால்தான் அது இருப்பது தெரிகிறது. உன் முதல் கைக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தால், 24-ஆவது கைக்கு அவ்வளவு ஆகாது. வரைந்து பார்த்து எனக்கு எழுது.

நீச்சலில் மூன்று வாரம் அதே இடம் என்றாய். 1890-களில் வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்ற இருவர், 'டக் டக்' என்ற ஒலிக்குறிகளாகச் செய்தி போகும் தந்தியைக் கற்றுக்கொண்டவர்கள் வாரத்துக்கு வாரம் எப்படி வளர்கிறார்கள் என்று அளந்தார்கள். செய்தி அனுப்பும் திறன் சீராக ஏறியது. வாங்கும் திறன் கொஞ்ச தூரம் ஏறிவிட்டு வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. பலர் அங்கேயே மனம் உடைந்தார்கள். தொடர்ந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் திடீரென்று மேலே ஏறியது. அதுவரை எழுத்து எழுத்தாகக் கேட்டவர்களுக்கு அதன்பின் சொற்கள் முழுசாகக் காதில் விழத் தொடங்கின என்று அந்த இருவரும் விளக்கினார்கள். எல்லாத் திறமைக்கும் இப்படி ஒரு தேக்கம் வந்தே தீரும் என்பதில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனால் உன் நிலைமையைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தந்திக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கால், கை, தலை, மூச்சு என்று நான்கையும் நீ தனித்தனியாக யோசிக்கிறாய். அவை சேர்ந்து ஒன்றாகும் வரை மூழ்கத்தான் செய்வாய். இரண்டு சின்ன விஷயம் மட்டும் கவனி: முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை முழுசாக வெளியே விடு, பிறகு தலையைத் தூக்காமல் உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் உருட்டு. தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும். பெரும்பாலானவர்கள் மூழ்குவது அதனால்தான்.

புத்தகம் நான்கு படித்தாய். அது போதும், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கணக்கைப் பற்றி வேறு மாதிரி சொல்ல வேண்டும். அங்கே ஒளித்துப் பார்க்க ஒன்றும் இல்லை, நீ செய்யவில்லை. பாதி அத்தியாயம் பாதி அத்தியாயம்தான். விடுமுறையில் வாசிப்பைவிடக் கணக்குத்தான் அதிகம் நழுவுகிறது என்று 1996-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஹாரிஸ் கூப்பரும் மற்றவர்களும் சொன்னார்கள். கதைப் புத்தகம் தானாகக் கைக்கு வரும், கணக்கு அப்படி வராது. ஆகவே இந்த ஐந்து நாளில் புது அத்தியாயத்துக்குப் போகாதே. போன வருடப் பாடத்தில் உனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்த பகுதியை எடுத்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பத்துக் கணக்கு போட்டுப் பார். எது வரவில்லை என்று தெரிந்துகொண்டு பள்ளிக்குப் போவது, நான்கு அத்தியாயத்தை அரைகுறையாகப் புரட்டிவிட்டுப் போவதைவிட நல்லது.

ஃபோன் விஷயத்தை நீயே ஒளிக்காமல் எழுதினாய். அதற்கு மேல் நான் உன்னைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நோயாளியோடு பகல் முழுக்க இருந்தவர்களுக்கு, அவர்கள் தூங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் உடம்பும் மனசும் எதையும் செய்ய மறுக்கும். காது மட்டும் அந்த அறையிலேயே இருக்கும், எப்போது கூப்பிடுவார்களோ என்று. நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தை வெட்டியாகப் போன நேரம் என்று எழுதி வைக்காதே.

அதோடு, பாட்டியைக் காரணமாகச் சொல்ல விருப்பமில்லை என்கிறாய். சரி, காரணமாகச் சொல்லாதே. கற்றதாகச் சொல். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவரை வலிக்காமல் எப்படி எழுப்பி உட்காரவைப்பது என்று விடுமுறைக்கு முன் உனக்குத் தெரியுமா? எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், எந்தக் கால் முதலில் வைக்க வேண்டும், வலிக்கிறது என்று அவர்கள் சொல்லாதபோதும் முகத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியலில் ஒன்பதாவதாக இதற்கு ஒரு வரி இல்லை, அதனால் நேற்று நீ போட்ட கணக்கிலும் இது வரவில்லை. அதே பக்கத்தின் அடியில் இன்று எழுதிவிடு. எட்டு வரியையும் அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

பள்ளி திறந்தபின் எட்டையும் இழுத்துக்கொண்டு போக முடியாது. உனக்கு எது இல்லாவிட்டால் கஷ்டமாக இருக்கும் என்று பார்த்து ஒன்றை வைத்துக்கொள். என் யூகம், அது வரைவதுதான். மற்றவற்றை வெறும் வரிசையாக எழுதினாய், அதை மட்டும்தான் 'வரவே வராது' என்று ஏக்கத்தோடு எழுதினாய். பள்ளிக்கூட நாளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதில் மணி அடிக்கும். விடுமுறையில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று இருந்தது இப்போது ஒரு நேரத்தோடு கட்டிக்கொள்ளும். பையை மேசையில் வைத்ததும் பத்து நிமிடம், அவ்வளவு போதும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் அதோடு முடிந்தது என்று நினைக்காதே. லண்டனில் ஃபிலிப்பா லேலியும் கூட்டாளிகளும், பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்தபோது, ஒரு நாள் தவறியது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. பழக்கம் படிய ஆகும் என்று அவர்கள் கணக்கிட்ட காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. எனவே தோழி எத்தனை நாளில் எதைக் கற்றாள் என்பதை வைத்து உன்னைப் பார்க்காதே.

24-ஆவது பக்கத்தை இன்று மதியமே திறக்கலாம். பாட்டி தூங்கும்போது அவர்களுடைய கை போர்வைக்கு வெளியே இருக்கும். அசையாது, வரைவதற்கு அதைவிட நல்ல கை கிடைக்காது. நரம்புகளை வரையப் பயப்படாதே. ஓரத்தில் தேதியும், அன்றைக்குப் பாட்டி எத்தனை அடி நடந்தார்கள் என்பதையும் எழுதிவிடு.

அன்புடன்.