விழுந்ததை மகளிடம் சொல்லட்டுமா?

எலும்பு முறிவு வார்டில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதியவர்கள் எழுதும் கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறேன். இந்த முறை மூன்று கடிதங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. கணவர் போய் நான்கு வருடமாகிறது. தனியாகத்தான் இருக்கிறேன், என் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு நாள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கட்டில் ஓரத்திலேயே விழுந்துவிட்டேன். இடுப்பில் கன்றிப்போனதோடு சரி. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் "இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், கிளம்பு" என்பாள். இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனசில்லை. அவளிடம் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள் அம்மா. ஆனால் மகளுக்கு முன்னால் மருத்துவரிடம் சொல்லுங்கள். "விழுந்துவிட்டேன்" என்பதோடு நிறுத்தாமல் "எழுந்து நின்றதும் கண்ணைக் கட்டியது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் காரணம் இருக்கிறது.

படுத்திருந்துவிட்டு எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். உடனே ரத்தக்குழாய்கள் இறுகி அதை மேலே தள்ள வேண்டும். வயதாக ஆக அந்த வேகம் குறைந்துவிடுகிறது. அதனால் படுக்க வைத்து ஒரு முறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதைக் கவனித்தே ஆக வேண்டும். உட்கார்ந்தபடி மட்டும் பார்த்தால் இது தெரியாமலே போய்விடும். வீட்டிலிருக்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, தூக்க மாத்திரை, தும்மலுக்குப் போடும் சில மாத்திரைகள் எல்லாமே ஆளைத் தள்ளாட வைக்கும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்து, தலையிலும் அடிபட்டால், வலியே இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்று ராத்திரியிலிருந்தே ஒன்று செய்யலாம். விழிப்பு வந்ததும் எழுந்துவிடாதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஒரு பத்து முறை ஆட்டுங்கள். விளக்கைப் போடுங்கள். எழுந்து நின்று, பிடித்துக்கொண்டு, பத்து எண்ணிவிட்டு அப்புறம் முதல் அடி. ராத்திரி எழ வேண்டுமே என்று பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, தண்ணீர் குறைந்தாலும் கண்ணைக் கட்டும். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவோடு நிறுத்துங்கள்.

மகளிடம் சொல்லச் சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் அம்மாவும் 78 வயதில் தனியாகத்தான் இருந்தார். ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்கு சமையலறையில் விழுந்துவிட்டார். போன் மேஜை மேல் இருந்தது. எட்டு மணிக்குக் கூப்பிட்டேன், எட்டரைக்கும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை என்றதும் கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. எலும்பு முறியவில்லை. ஆனால் அவ்வளவு நேரம் ஒரே பக்கமாகக் கிடந்ததில் இடுப்புத் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது, நாக்கு உலர்ந்து பேச்சு வரவில்லை. தண்ணீரை ஸ்பூனால் கொடுத்தேன். "மணி அடிச்சுது, நீதான்னு தெரிஞ்சுது, கைதான் எட்டலை" என்றார். அதற்கு முன்பே இரண்டு தடவை விழுந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊரார் காலுக்கெல்லாம் கட்டுப் போட்ட நான் என் அம்மாவின் காலைக் கவனிக்கவில்லையே என்று இன்னமும் மனசு அடித்துக்கொள்ளும்.

ஆனாலும் அம்மா வீட்டை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருடம் அங்கேயேதான் இருந்தார். போனுக்கு ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தேன், பாத்ரூமுக்குப் போனாலும் அது கழுத்தில் தொங்கும். தினம் காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஏழேகாலுக்குள் வரவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்ப்பார், சாவி ஒன்று அவரிடம் இருந்தது.

நீங்களும் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு மகளைக் கூப்பிடுங்கள். "விழுந்தேன், டாக்டரைப் பார்த்தேன், காரணம் இது, இன்னின்ன மாற்றியிருக்கிறேன், காலையில் நீ எனக்காக இதைச் செய்" என்று வரிசையாகச் சொல்லுங்கள். பயத்தில்தான் "கிளம்பு" என்பாள். அவள் செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால் அந்தப் பயம் பாதி இறங்கும்.

கேள்வி: வயது 69. இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தேன். அதிலிருந்து நடையைக் குறைத்து நாற்காலியிலேயே இருக்கிறேன். இதுதானே பாதுகாப்பு?

பதில்: இல்லை ஐயா. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை கரையும். அது கரைந்தால் நிஜமாகவே விழுவீர்கள். 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நாற்காலியையே பயன்படுத்துங்கள். சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருங்கள். முடியாவிட்டால் முதலில் ஒரு கையை ஊன்றிக்கொள்ளலாம். ஐந்து முறையில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு முறை தடுக்கியது எங்கே என்றும் யோசியுங்கள். படி இறங்கும்போது என்றால் கண்ணாடியைச் சந்தேகப்படுவேன். கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடியில் கீழ்ப்பாதி படிப்பதற்கானது, அது வழியாகப் பார்த்தால் படி மங்கும். நடக்கத் தூரப்பார்வைக்கு மட்டும் தனியாக ஒன்று வேண்டுமா என்று கண் மருத்துவரைக் கேளுங்கள். செருப்பும் குதிகாலைப் பிடித்துக்கொள்வதாக இருக்கட்டும்.

இன்னொன்று, யாராவது பக்கத்திலிருக்கும்போது தரையிலிருந்து எழவும் பழகுங்கள். ஒருக்களித்துப் புரண்டு, முட்டி போட்டு, கனமான நாற்காலி வரை தவழ்ந்து போய், அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி, வலுவான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். நிஜமாகவே விழுந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று பார்த்து, இடுப்பிலோ காலிலோ கடுமையான வலி என்றால் அசையாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தனியாக இருப்பதால் குளிக்கும்போதுகூட உள்ளே தாழ் போடுகிறேன். சரியா?

பதில்: வெளிக்கதவுக்குப் பூட்டு வேண்டும், குளியலறைக்குத் தாழ் வேண்டாம். அந்தக் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். உள்ளே விழுந்தவர் மேலேயே கதவு இடித்து, திறக்க முடியாமல் ஆட்கள் தவித்ததை வார்டில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழாதீர்கள், அது உங்கள் எடையைத் தாங்காது. சுவரில் ஆழமாகத் திருகிய கைப்பிடி ஒன்று பொருத்தச் சொல்லுங்கள்.