கண் அடிக்கடி சிவக்கிறதா? எதிர்ப்புச் சக்தி டானிக் வேண்டாம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 34 வயது. நெல் வயலும் மாடுகளும் பார்க்கிறார். ஒரு வருஷத்தில் மூன்றாவது தடவையாகக் கண் சிவந்து வலிக்கிறது. முன்பு இரண்டு தடவை வலது கண், இப்போது இடது. வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை. செங்கண்ணு (மெட்ராஸ் ஐ) என்று மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த சொட்டு மருந்தை விட்டால் தெளிகிறது, கொஞ்ச நாளில் திரும்ப வருகிறது. காலையில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்கிறார். எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா? டானிக் கொடுக்கலாமா? இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: டானிக் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. அது வேண்டாத இடத்தில் வேலை செய்கிறது என்றே சந்தேகப்படுகிறேன். கண்ணின் உள்ளே, கருவிழிக்குப் பின்னால், கண்மணியைச் சுற்றி இருக்கும் ஐரிஸ் திசு வீங்குவதை யுவைட்டிஸ் என்கிறோம். பரிசோதித்துத்தான் உறுதி செய்ய முடியும்.

நம் உடம்பு கண்ணைத் தனியாக நடத்துகிறது. வெளிப்பக்கம் காவல் பலம்: கண்ணீரில் உள்ள லைசோசைம் பாக்டீரியாவின் சுவரையே கரைக்கும். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-இல் அறிவித்த பொருள் இது. உள்ளே போனால் நேர்மாறு. ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் எளிதில் நுழையாதபடி தடுப்பு இருக்கிறது. கண்ணுக்குள் ஊறும் நீரில் சண்டையை அடக்கிவைக்கும் பொருள்களும் இருக்கின்றன. காரணம் சாதாரணமானது. தோலில் வீக்கம் வந்து தழும்பு விட்டால் பெரிய நஷ்டமில்லை. கண்ணுக்குள் அதே சண்டை நடப்பது கண்ணாடிக் கடைக்குள் தடியடி நடத்துவது மாதிரி. ஜெயித்தாலும் பார்வை போய்விடும். கருவிழியில் ரத்தக்குழாயே கிடையாது. அதனால்தான் தானமாகக் கிடைத்த கருவிழியை, சிறுநீரகத்துக்குப் பார்ப்பது போலத் திசுப் பொருத்தம் பார்க்காமலேயே பெரும்பாலானவர்களுக்கு வைக்க முடிகிறது.

இந்தத் தடுப்பு உடைந்து வெள்ளணுக்கள் உள்ளே கொட்டுவதுதான் யுவைட்டிஸ். ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் ஒரு மில்லிமீட்டர் அளவு ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சினால் அவை மிதப்பது தெரியும். அவற்றை எண்ணித்தான் நோயின் வேகத்தைக் குறிப்போம்.

செங்கண்ணில் பெரும்பாலும் பீளை தள்ளும், உறுத்தும், ஒரு கண்ணில் ஆரம்பித்து சீக்கிரமே அடுத்த கண்ணுக்கும் போகும். யுவைட்டிஸில் பீளை இருக்காது; ஆழமான வலி இருக்கும்; கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவப்பு அதிகம் தெரியும்; பாப்பா, அதாவது கண்மணி, சிறுத்திருக்கும். வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். சிவந்த கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, நல்ல கண்ணில் லேசாக டார்ச் அடியுங்கள். பொத்திய கண் வலித்தால் சந்தேகம் பலப்படுகிறது. வலிக்காவிட்டால் நோய் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இடுப்பைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்திருந்து, நடமாடினால் விடுகிறதா? பின்னிரவில் வலியில் விழிப்பு வருகிறதா? அப்படியானால் மாடு கறப்பதன் மேல் பழி போடாமல், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு வாதத்துக்குப் பரிசோதிக்க வேண்டும். அந்த வாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு என்றாவது இப்படிக் கண் சிவக்கும், அதுவும் ஒரு சமயம் ஒரு கண்ணில். ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபணு இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். நம் நாட்டில் காசநோயையும் கட்டாயம் பார்ப்போம். வயலில் வெறுங்காலோடு நிற்பவர் என்பதால், கடந்த மாதங்களில் உடம்பு வலியோடு காய்ச்சல் வந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் தணிந்து வெகு நாள் கழித்தும் கண்ணைப் பிடிக்கும். 1993-இல் மதுரைப் பக்கம் வெள்ளம் வடிந்த பிறகு இப்படி நிறையப் பேருக்கு யுவைட்டிஸ் வந்தது.

அந்தச் சொட்டு மருந்துதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. விட்டதும் தெளிகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். யுவைட்டிஸுக்கு ஸ்டீராய்டுதான் மருந்து. ஆனால் ஆரம்பத்தில் மணிக்கொரு தடவை விட்டு, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு பாப்பா கோணலாகும். கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரும். இன்னொன்று: நெல்லோ ஓலையோ பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்திருந்தால் இதே மருந்து கண்ணையே காவு வாங்கிவிடும். இரண்டுமே வெளியில் சிவப்பாகத்தான் தெரியும். அதனால் கடைக்காரரைக் கேட்டு மருந்து விடாதீர்கள்.

பாலக்காட்டிலோ கோவையிலோ ஒரு கண் மருத்துவரிடம் இன்றோ நாளையோ கூட்டிப்போங்கள், அந்தச் சொட்டு மருந்து பாட்டிலோடு. பாப்பாவை விரிக்கும் மருந்து விடுவார்கள். கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அவரைத் திரும்பி வரும்போது பைக் ஓட்ட விடாதீர்கள். இடுப்புக்கு வாத நோய் நிபுணரைப் பார்க்கச் சொன்னால் தள்ளிப்போட வேண்டாம். வாதத்துக்குச் சரியான மருந்து அமைந்தால் கண் சிவப்பதும் பலருக்குக் குறைகிறது.

குழந்தையைப் பற்றி: இந்த வாதத்தால் வரும் கண் சிவப்பு ஒட்டாது, அப்பா தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். அவருக்கு பி27 இருந்தால் குழந்தைக்கும் அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாதமும் வருவதில்லை, கண் நோயும் வருவதில்லை. குழந்தைக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.