கோபக்காரக் கடவுளும் அன்பான பிதாவும்: வாசகர் கேள்வி-பதில்

தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. எபிரேய வேதத்தில், அதாவது நம் பழைய ஏற்பாட்டில், வரும் கடவுளும் இயேசு சொன்ன பிதாவும் எப்படிப் பொருந்துகிறார்கள்? சிஎஸ்ஐ, கத்தோலிக்கர், மலங்கரை, பெந்தெகொஸ்தே, இரட்சணிய சேனை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் நம்முடையவை. ஒரே வசனத்தை ஐந்து விதமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். பழைய ஏற்பாடு கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள், "பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், இயேசுவின் கடவுள் அன்பானவர், இல்லையா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
*ஓர் ஆசிரியை, மார்த்தாண்டம்*

இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு வயது ஏறத்தாழ 1,900 ஆண்டு. கருங்கடல் பக்கம் பொந்து என்ற பகுதியைச் சேர்ந்த கப்பல் முதலாளி மார்சியோன், உலகத்தைப் படைத்த எபிரேயக் கடவுள் வேறு, இயேசு காட்டிய கடவுள் வேறு என்று போதித்தார். பழைய ஏற்பாட்டை மொத்தமாகத் தள்ளிவிட்டு, லூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும், அவற்றையும் வெட்டிச் சுருக்கி, வைத்துக்கொண்டார். கி.பி. 144-ல் ரோம் சபை அவரை விலக்கியது. அவர் போய்விட்டார், அவர் கருத்து மட்டும் நம் பிரசங்க மேடைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளைகளை யாத்திராகமம் 34-ஆம் அதிகாரத்துக்குக் கூட்டிப்போங்கள். (கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தால் விடுதலைப் பயணம் என்று சொல்லுங்கள்.) ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்ட விவகாரம் முடிந்த கையோடு கடவுள் தம்மையே அறிமுகப்படுத்திக்கொள்கிறார்: "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." எபிரேய வேதத்தில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் வாசகம் இது. எண்ணாகமம், சங்கீதங்கள், யோவேல், யோனா, நெகேமியா எல்லாவற்றிலும் வருகிறது. பாவநிவாரண நாளில் யூதர்கள் ஜெப ஆலயத்தில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அடுத்த வசனம் தொடர்ந்து, குற்றத்தைக் கண்டும் காணாமல் விடமாட்டார் என்றும் சொல்கிறது. அதையும் மறைக்க வேண்டாம்.

யூத ரபிமார் (வேத ஆசிரியர்கள்) இதற்கு அழகான ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஒரு ராஜாவிடம் மெல்லிய கிண்ணங்கள் இருந்தன. கொதிநீரை ஊற்றினால் வெடிக்கும், பனிநீரை ஊற்றினாலும் விரிசல் விடும். அவர் இரண்டையும் கலந்து ஊற்றினார், கிண்ணங்கள் நின்றன. அப்படித்தான் கடவுள் நீதியையும் இரக்கத்தையும் கலந்து உலகத்தைப் படைத்தாராம். பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

அப்புறம் எதிர்ப்பக்கத்தையும் காட்டுங்கள். பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் விழுந்து செத்தது அப்போஸ்தலர் நடபடிகளில். "நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினி" என்பது எபிரெயர் நிருபத்தில். அதுவும் உபாகமத்திலிருந்து எடுத்தது. நரக அக்கினியைப் பற்றி அதிகம் பேசுபவர் ஏசாயா அல்ல, இயேசு. அவர் மிகப் பெரிய கட்டளைகள் என்று சொன்ன இரண்டும், கடவுளிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு, உபாகமத்திலும் லேவியராகமத்திலும் ஏற்கெனவே இருப்பவை.

என் இரண்டாவது மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "தாத்தா காலத்துப் பரம்பரைச் சாபம், மூன்றாம் நான்காம் தலைமுறைவரை கர்த்தர் விசாரிப்பார்" என்று யாத்திராகமம் 20-ஐக் காட்டினார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.
*ஒரு தாய், குழித்துறை*

சகோதரி, முதலில் பிள்ளையை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள நல்ல குழந்தை மருத்துவரிடமோ கூட்டிப்போங்கள். பேச்சு தாமதமானால் முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று வயதில் ஆரம்பித்தால் பயிற்சிக்குப் பலன் உண்டு. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி வசனம். அந்த மனிதர் பாதியைத்தான் வாசித்திருக்கிறார். அடுத்த வசனமே ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்கிறது. நாலையும் ஆயிரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். மூன்று நான்கு தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலத்தில், வீட்டுத் தலைவனின் அநியாயம் பேரன்வரை எல்லோரையும் தொட்டது. அந்த அனுபவம் இந்த வசனத்துக்குப் பின்னால் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு குழந்தையின் நாக்கைக் கட்டிவைக்கும் கடவுளை அந்த வசனம் வரையவில்லை.

அதைவிட முக்கியமானது, எபிரேய வேதமே இந்தப் பேச்சை எதிர்த்து நின்றது. கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் எசேக்கியேலும் ஒருவர். அங்கே ஜனங்கள், "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று ஒரு பழமொழியைச் சொல்லிச் சொல்லி உடைந்துபோயிருந்தார்கள். முன்னோர் பாவம்தான் எங்கள் தலையில் விழுந்திருக்கிறது, இனி எங்களுக்கு விடிவில்லை என்பது அதன் பொருள். எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் முழுவதும் இதற்கு மறுப்பு. இந்தப் பழமொழியை இனி சொல்லக் கூடாது என்று கடவுளே ஆணையிடுகிறார். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று 20-ஆம் வசனம் முடித்துவைக்கிறது. எரேமியா 31-ம் அதே பழமொழியை எடுத்து, அதே தீர்ப்பைச் சொல்கிறது.

யூதர்கள் இந்த முரண்பாட்டைக் கண்டு பயப்படவில்லை. ரபிமாரின் விவாதங்களைத் தொகுத்த தால்முது என்ற நூலில் ஒரு ரபி வெளிப்படையாகவே சொல்கிறார்: மோசே நான்கு தீர்ப்புகள் சொன்னார், பின்னால் நான்கு தீர்க்கதரிசிகள் வந்து அவற்றை நீக்கினார்கள். அதில் ஒன்று இந்தத் தலைமுறைத் தண்டனை, அதை நீக்கியவர் எசேக்கியேல். இப்போது யோவான் 9 திறந்து பாருங்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. தீர்க்கதரிசிகளும் இயேசுவும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கிறார்கள். சாபத்தை முறிக்கிறேன் என்று காணிக்கை கேட்டு யாராவது வந்தால், எசேக்கியேல் 18-ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சாபம் இல்லை, அம்மா.

யூதர்களும் நாமும் கும்பிடுவது ஒரே கடவுளையா?
*கல்லூரி மாணவர், பாறசாலை*

ஒரே கடவுள் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அவரை விளங்கிக்கொள்வதில் இருக்கும் வித்தியாசம் சின்னதல்ல, அதை மழுப்பக் கூடாது.

யூதருக்குக் கடவுள் ஒருவர் என்றால் எந்தப் பகுப்பும் இல்லாத ஒருவர். 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த 13 நம்பிக்கைக் கோட்பாடுகளில் ஒன்று, கடவுளுக்கு உடல் கிடையாது என்பது. அவர் மனிதராகப் பிறந்தார் என்பதை அவர்களால் ஏற்க முடியாது. கிறிஸ்தவமோ அங்கேதான் தொடங்குகிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவ நம்பிக்கை 325-ல் நிசேயாவிலும் 381-ல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் விசுவாச அறிக்கையாக வடிவம் பெற்றது. "நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக" என்ற ஆதியாகம வசனத்தில் நம் போதகர்கள் திரித்துவத்தைப் பார்க்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி, கடவுள் தேவதூதர்களோடு கலந்து பேசுவதைப் பார்த்தார். ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்த மூவர் விஷயத்திலும் இதே கதைதான். வாசிக்கிற கண் வேறானால் தெரிவதும் வேறாகிறது.

கடவுளைத் தகப்பன் என்று கூப்பிடுவது மட்டும் கிறிஸ்தவருக்கே உரிய சொத்து என்று நினைக்காதீர்கள். "கர்த்தாவே, நீர் எங்கள் பிதா" என்கிறார் ஏசாயா. யூதர்கள் இன்றும் "எங்கள் தகப்பனே, எங்கள் ராஜாவே" என்று ஜெபிக்கிறார்கள். தாய் முகமும் உண்டு: பெற்ற தாய் மறந்தாலும் நான் மறப்பதில்லை என்பதும் ஏசாயாதான்.

உங்கள் ஊர் பழைய வேணாட்டு மண் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கி.பி. 849-ல் கொல்லத்தில் வேணாட்டு மன்னர் அய்யனடிகள் திருவடிகள் காலத்தில், தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு உரிமைகள் எழுதிக்கொடுத்த செப்பேடுகள் இருக்கின்றன. சாட்சிக் கையெழுத்துகளில் அரபு எழுத்தோடும் பழைய பாரசீக எழுத்தான பகலவியோடும் எபிரேய எழுத்தும் உண்டு. ஒரு சபையின் உரிமைக்கு யூதர் சாட்சி நின்ற மண் இது.

கடவுளுக்குக் கை, கால் உண்டா? மனஸ்தாபப்பட்டார் என்று வருகிறதே?
*அருமனை வாசகர்*

தோட்டத்தில் உலாவுகிறார், மனஸ்தாபப்படுகிறார், வாசனை முகர்கிறார். எல்லாம் மனிதர் புரிந்துகொள்ளச் சொன்னவை என்பதில் யூத, கிறிஸ்தவ அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். 1 சாமுவேல் 15-ஐ மட்டும் பாருங்கள். 11-ஆம் வசனத்தில் சவுலை ராஜாவாக்கியதற்காக மனஸ்தாபப்படுகிறார். 29-ஆம் வசனத்தில், மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல என்று வருகிறது. எழுதியவருக்கு இது தெரியாமல் இல்லை. இரண்டையும் வைத்திருக்கிறார்.

ஓகி புயலில் போன என் அண்ணன் திரும்பவில்லை. பாவத்துக்குத் தண்டனை என்று ஒருவர் சொன்னார். யோபுவைச் சோதித்த கடவுள்தான் இதையும் செய்தாரா?
*தூத்தூர் பக்கத்து வாசகர்*

2017 நவம்பர் கடைசியில் வந்த அந்தப் புயல் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளில் என்ன செய்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்காக உங்களோடு நானும் துக்கப்படுகிறேன்.

தண்டனை என்று சொன்னவர் எல்லாவற்றையும் இழந்த நீதிமான் யோபுவின் நண்பர்கள் பேசியதையே பேசியிருக்கிறார். பாவம் செய்யாதவன் அழிவானா என்று அவர்கள் அதிகாரம் அதிகாரமாக வாதிட்டார்கள். கடைசியில் 42:7-ல் ஆண்டவர் அவர்கள்மேல்தான் கோபப்படுகிறார்: என் ஊழியன் யோபுவைப்போல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். பிறந்த நாளையே சபித்து, கடவுளை வழக்குக்கு இழுத்த யோபு பேசியது சரியாம். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் பேசியது தவறாம்.

சாத்தானைப் பற்றியும் ஒன்று. யோபு நூலில் அவன் கடவுளின் சபையில் நின்று குற்றம்சாட்டுகிற ஒருவன். கடவுளுக்கு எதிர்ப்படை திரட்டும் பெரும் பகைவனாக அவன் வளர்வது பிற்காலத்தில். ஜனங்களைக் கணக்கெடுக்கும்படி தாவீதைத் தூண்டியது 2 சாமுவேல் 24-ல் ஆண்டவர். பின்னால் எழுதப்பட்ட 1 குறிப்பேடு (நாளாகமம்) 21-ல் சாத்தான். தீமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு எபிரேயர்களே போராடிய தடம் இது. யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. உங்களுக்கும் நான் ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்ல மாட்டேன்.

இந்த நூல் நம் மாவட்டத்தில் ஒருவர் வாழ்க்கையையே திருப்பியது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், வீட்டில் அடுக்கடுக்காக நஷ்டம் வந்து கலங்கியிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்குச் சொன்னது யோபுவின் கதையைத்தான். அவர் 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயம். 2022-ல் புனிதர் ஆனார். யோபுவின் கடவுளை நம்பியதால் அவருக்குத் துன்பம் நின்றுவிடவில்லை, கூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருப்பாடல் (சங்கீதம்) 88-ஐ வாசியுங்கள். ஆறுதல் சொல்லாமல், இருளிலேயே முடிகிற பாடல். 44-ஆம் பாடல், ஆண்டவரே ஏன் தூங்குகிறீர் என்று கேட்கிறது. அப்படிக் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு.

யோசுவா எரிகோவில் குழந்தைகள் உட்பட எல்லோரையும் கொன்றது கடவுள் கட்டளையா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கருங்கல்*

ஐயா, எனக்கும் மிகக் கடினமான பக்கம் இது. 1950-களில் எரிகோவில் அகழாய்வு செய்த காத்லீன் கென்யன், யோசுவாவின் காலம் என்று பலர் கருதும் காலத்தில் அங்கே மதில் சூழ்ந்த நகரம் இருந்ததற்கு அடையாளம் காணவில்லை. நியாயாதிபதிகள் முதல் அதிகாரமோ, அந்த நாட்டின் பழைய குடிகளான கானானியர் ஒழியவில்லை, கூடவே குடியிருந்தார்கள் என்று பட்டியல் போடுகிறது. ஆகவே இதை நடந்தது நடந்தபடியான போர்க்குறிப்பாக நான் வாசிப்பதில்லை. ஆதிச் சபையின் அறிஞர் ஓரிகன் மூன்றாம் நூற்றாண்டிலேயே இதை உள்ளத்தின் தீமைகளோடு நடக்கும் போர் என்று பொருள் சொன்னார். தால்முதிலோ, செங்கடலில் எகிப்தியர் மூழ்கும்போது பாட வந்த தேவதூதர்களைக் கடவுள் தடுத்து, என் கைகளின் படைப்பு கடலில் மூழ்கும்போது நீங்கள் பாட்டுப் பாடுகிறீர்களா என்று கேட்கிறார். எனக்கு இந்தப் பதில்தான் நெருக்கம். பக்கத்து வீட்டு வேறு மதத்தாரைக் கானானியர் என்று மேடையில் சொல்வதைக் கேட்டால் எழுந்து கேள்வி கேளுங்கள்.

இரத்தம் சிந்தாமல் மன்னிப்பு இல்லை என்றால், ஆலயம் இல்லாத யூதர்கள் என்ன செய்கிறார்கள்?
*வேர்க்கிளம்பி வாசகர்*

கி.பி. 70-ல் ரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்தபின் பலி நின்றது. அப்போது ரபி யோகனான் பென் சக்காய், "பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்" என்ற ஓசியா வசனத்தைக் காட்டி, இரக்கச் செயல்களே நமக்குப் பாவநிவிர்த்தி என்றார். இயேசு மத்தேயுவில் இரண்டு முறை சொல்வதும் இதே வசனம். லேவியராகமம் 5-ல் பறவை வாங்கவும் வசதியில்லாத ஏழை கொஞ்சம் மாவு கொண்டுவந்தாலே போதும். ஆனால் கிறிஸ்துவின் ஒரே பலி எல்லாவற்றையும் முடித்தது என்ற எபிரெயர் நிருபத்தின் வாதத்தை யூதர் ஏற்பதில்லை. இங்கே பாதை பிரிகிறது.

பழைய ஏற்பாட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது? லேவியராகமத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன்.
*செங்கோட்டை வாசகி*

யோனாவில் ஆரம்பியுங்கள். மொத்தம் 48 வசனம், ஒரே இருப்பில் முடித்துவிடலாம். யூதர்கள் பாவநிவாரண நாள் பிற்பகலில் வாசிப்பது இந்தப் புத்தகம்தான். கடவுள் எதிரி நகரத்தை மன்னித்துவிட்டாரே என்று தீர்க்கதரிசிக்கு வருகிற கோபத்தைக் கவனியுங்கள். அப்புறம் ஓசியா 11, ரூத், சங்கீதங்கள். லேவியராகமத்துக்கு அடுத்த வருஷம் போகலாம், அதில் 19-ஆம் அதிகாரத்தை மட்டும் இப்போதே வாசித்துவிடுங்கள்.