அண்ணாவை இருபது தரம் வென்றேன், பிறகு அவர் விளையாட வரவில்லை

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 34 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். அண்ணா என்னைவிட நான்கு வயது மூத்தவர். 2008இல் கனடா போனவர், இப்போது குடும்பத்தோடு டொரொண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறார். சின்ன வயதில் நாங்கள் இருவரும் பிளேஸ்டேஷனில் டெக்கன் 3 என்ற சண்டை கேமை விளையாடியே வளர்ந்தோம். அதில் அவர் எப்போதும் எடி என்ற ஆளைத்தான் எடுப்பார். அந்த நாட்களில் நான் அவரை வென்றதாக ஞாபகமே இல்லை. போன வருடம் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) ஒன்று வாங்கினேன். அண்மையில் அவரையும் டெக்கன் 8 வாங்க வைத்து, மூன்று இரவு ஒன்லைனில் ஆடினோம். இருபது மேட்ச் இருக்கும், எல்லாம் நான்தான் வென்றேன். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. கேட்டால், "அந்தக் கேம் எல்லாம் முடிஞ்ச கதையடா, இப்ப ஆர் விளையாடுறாங்கள்" என்கிறார். என் கூட்டாளிகளும் போனில் ஃப்ரீ ஃபயர், பப்ஜி என்றுதான் இருக்கிறார்கள். சண்டை கேம்களின் காலம் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? இந்த வயதில் இதைப் பிடித்துக்கொண்டிருப்பது பிழையா? பிஎஸ்5ஐ விற்றுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.
பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்: அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கேள்விகள் எல்லாம் கேமைப் பற்றி இருக்கின்றன, வரிக்கு வரி அண்ணா இருக்கிறார். அதனால் பிஎஸ்5ஐ இப்போதைக்கு விற்க வேண்டாம். மற்றதைக் கொஞ்சம் விரிவாகக் கதைப்போம், ஏனென்றால் இது எனக்கும் நெருக்கமான விஷயம்.

1999ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறை முழுவதும் நான் கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். பெரியம்மாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், பழைய பிளேஸ்டேஷன் ஒன்று வைத்திருந்தார். அதற்கு டிஸ்க் வாசிக்கிற லென்ஸ் தளர்ந்துபோயிருந்தது. நேராக வைத்தால் ஓடாது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே ஒரு துவாயை மடித்து வைத்தால் மட்டும் ஓடும். மின்விசிறிக் காற்றில் துவாயின் ஓரம் ஆடினாலே "தொடாதே!" என்று கத்துவார். அந்தக் கவிழ்ந்த பெட்டிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, இரண்டு கிழமையாக அவரிடம் தோற்றேன். இருபது இல்லை தம்பி, இருநூறு இருக்கும்.

வீட்டுக்குத் திரும்புவதற்கு முதல் நாள் அவர் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ ஒவ்வொரு தரமும் விழுந்து எழும்பும்போது உதைக்கிறாய். ஒருநாளும் மறிக்கிறதில்லை. நான் அதுக்குத்தான் காத்துக்கொண்டு நிற்கிறன்." அடுத்த ரவுண்டில் விழுந்தேன், எழும்பினேன், உதைக்காமல் மறித்தேன். அவருடைய அடி என் மறிப்பில் பட்டுச் சறுக்கியது. அந்த அரை விநாடி அவர் கை காலியாக நின்றது. அடித்தேன். அந்த மேட்சை வென்றேனா என்று இன்று ஞாபகமில்லை. என்னை ஒருவர் இவ்வளவு கவனித்துப் பார்த்திருக்கிறார் என்ற வியப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

சண்டை கேமின் சுவை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டுவேன். திரையில் ஒரு விநாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. டெக்கனில் மிக வேகமான குத்து 10 படத்தில் வந்து விழும், அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு. நம் கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைய ஏறத்தாழ கால் விநாடி, 15 படம் வேண்டும். ஆகவே அந்தக் குத்தைப் பார்த்து மறிக்க யாராலும் முடியாது. எதிரே இருக்கிறவர் அடுத்து என்ன செய்வார் என்று முன்கூட்டியே நினைத்தால்தான் உண்டு. நம் ஊரில் கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மறிக்கிறவர் உங்கள் காலைப் பார்ப்பதில்லை, தோளைப் பார்க்கிறார். நீங்கள் இடப்பக்கம் தோளைக் காட்டி வலப்பக்கம் பாய்கிறீர்கள். மூன்றாம் தரம் அதையே செய்தால் பிடிபடுவீர்கள். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு உதையும் குத்தும் தெரியும். ஆடுகிற இருவரும் ஒருவரையொருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, காலம் முடிந்ததா என்ற கேள்விக்கு வருவோம். அண்ணா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1991இல் கப்கொம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐக் கொண்டுவந்தபோது உலகம் முழுக்க, காசு போட்டுக் கேம் ஆடுகிற ஆர்கேட் கடைகளில் வரிசை நின்றது. எட்டுப் பேரில் ஒருவரைத் தெரிந்தெடுக்கலாம், பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவரோடு மோதலாம். இன்று எல்லாச் சண்டை கேமுக்கும் உயிராக இருக்கிற கொம்போ, ஓர் அடியோடு அடுத்த அடியைத் தொடுப்பது, அதில் திட்டமிட்டு வைக்கப்பட்டதே இல்லை. காரை உடைக்கிற பகுதியைப் பரிசோதிக்கும்போது அப்படிச் செய்ய முடிகிறது என்று தயாரிப்பாளர் கண்டுகொண்டார், பிரச்சினை இல்லை என்று விட்டுவிட்டார்கள். 1992இல் மோர்டல் கொம்பாட், 1993இல் வேர்ச்சுவா ஃபைட்டர், 1994இல் டெக்கன் என்று அடுத்தடுத்து வந்தன. மோர்டல் கொம்பாட்டின் இரத்தத்தைப் பற்றி அமெரிக்க செனட்டில் விசாரணையே நடந்தது. கேம்களுக்கு வயது முத்திரை இடுகிற முறை அங்கே 1994இல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு சந்தை நிரம்பி வழிந்தது. ஒரே கேமையே பெயர் மாற்றி மாற்றி விற்றார்கள். வீட்டுக்கு வீடு பிளேஸ்டேஷன் வந்ததும் ஆர்கேட்டுக்குப் போக வேண்டிய தேவை குறைந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு சில வருடங்கள் இந்த வகைக்கு வறட்சிதான். அந்த வறட்சியிலும் விடாமல் கூடியவர்கள் இருந்தார்கள். 2004இல் அமெரிக்காவில் நடந்த, சண்டை கேம்களுக்கான ஈவோ போட்டியில் ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் மோதிய வீடியோவை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். டைகோவின் உயிர்க்கோடு முடியப்போகிறது. ஜஸ்டின் ஆடுகிற பாத்திரமான சுன்-லி பதினைந்து உதை கொண்ட தாக்குதலை விடுகிறாள். சும்மா மறித்தாலும் கொஞ்சம் உயிர் குறையும், அதுவே தோல்வி என்ற நிலை. ஒவ்வோர் உதைக்கும் சரியான நொடியில் முன்பக்கம் தட்டி, பதினைந்தையும் தள்ளிவிட்டு டைகோ அந்த ரவுண்டை வென்றார். கூட்டம் கத்துகிற சத்தத்தில் கேமின் சத்தமே கேட்காது. அன்று கிண்ணத்தை வென்றவர் டைகோ இல்லை. இறுதியாட்டத்தில் வேறொருவரிடம் தோற்றார். அது பலருக்குத் தெரியாது, அந்த உதைகள் எல்லாருக்கும் தெரியும்.

2008இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்து இந்த வகையைத் திரும்பவும் எழுப்பியது. 2023இல் ஆறாவது வந்தபோது ஈவோவில் அந்த ஒரு கேமுக்கு மட்டும் 7,000க்கு மேற்பட்டோர் பதிவுசெய்தார்கள். செத்துப்போன விளையாட்டுக்கு இப்படிக் கூட்டம் சேராது. ஆனால் உங்கள் கூட்டாளிகள் அதில் இல்லை, அதுவும் உண்மை. ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் கையில் இருக்கிற போனில் இலவசமாக ஓடுகின்றன. பிஎஸ்5 வாங்க நம் ஊரில் எத்தனை மாதச் சம்பளம் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். 2022இல் கரண்ட் ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் போன நாட்களில், சார்ஜ் இருக்கும்வரை போனாவது ஓடியது.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. பப்ஜியில் நான்கு பேர் சேர்ந்து தோற்கலாம். "அவன் வரவில்லை, இவன் சுடவில்லை" என்று சொல்லலாம். நூறு பேர் இறங்குகிற இடத்தில் செத்துப்போவதில் வெட்கமும் இல்லை. சண்டை கேமில் அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் நீங்கள். சீட்டு விளையாட்டு மாதிரிக் கெட்ட கை வந்தது என்று சொல்லவும் முடியாது. தோற்றால் தோற்றது நீங்கள்தான். இதன் அழகும் அதுதான், புதிதாக வருகிறவர்கள் பத்து மேட்ச் தோற்றுவிட்டு ஓடிப்போவதற்குக் காரணமும் அதுதான்.

இப்போது அண்ணாவை நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் எடியை எடுத்து, உதை பட்டன்களை மாறி மாறித் தட்டியே உங்களை வென்றவர். கொழும்பில் டெக்கன் 3 இருந்த வீடெல்லாம் அப்படி ஒரு அண்ணா இருந்தார். வேலை, பிள்ளைகள், குளிர் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்கி, தம்பி கேட்டான் என்பதற்காக மூன்று இரவு உட்கார்ந்திருக்கிறார். இருபது தரம் தோற்றிருக்கிறார். நீங்கள் ஒரு வருடமாகப் பழகியவர், அவர் இருபது வருடத்துக்குப் பிறகு கொன்ட்ரோலரைத் தொடுகிறவர். "ஆர் விளையாடுறாங்கள்" என்று அவர் கேட்டதை உலக நிலவரம் பற்றிய கேள்வியாக எடுக்காதீர்கள். தம்பியிடம் தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது என்பதை ஓர் அண்ணாவால் வேறு எப்படித்தான் சொல்ல முடியும்?

அவரிடம் நீங்கள் சொல்லக்கூடிய ஓர் உண்மையும் இருக்கிறது. கொழும்புக்கும் டொரொண்டோவுக்கும் இடையே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். கேபிள் நேர்கோட்டில் போனாலும் போய்த் திரும்ப 140 மில்லிவிநாடி. கேபிள் நேராகப் போவதில்லை, கடலைச் சுற்றி, நாட்டுக்கு நாடு கைமாறிப் போகிறது. ஆகவே 250ஐத் தாண்டுவது சாதாரணம். அது 15 படம். முன்பு ஒன்லைன் கேம்கள் மற்றவர் தட்டியது வந்து சேரும்வரை இரண்டு பேரையும் காக்க வைத்தன, பட்டனைத் தட்டினால் சேற்றில் கால் வைத்த மாதிரி இருக்கும். ஈவோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி கனன் 2006 அளவில் ரோல்பேக் என்ற முறையைச் சண்டை கேம்களுக்குக் கொண்டுவந்தார். எதிராளி என்ன தட்டுவார் என்று மெஷினே ஊகித்து ஆட்டத்தைக் கொண்டுபோகும், பிழைத்தால் பின்னுக்கு வந்து திருத்தும். டெக்கன் 8இலும் அதுதான் இருக்கிறது. கிட்ட இருக்கிறவர்களுக்குள் ஆடினால் தூரமே தெரியாது. உலகத்தின் மறுபக்கம் என்றால் உங்கள் உதையின் தொடக்கம் அவருடைய திரையில் தெரியாமலே பாதியில் இருந்து தோன்றும். தாமதம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் பழகிய கைக்கு அது ஓர் இடைஞ்சல், கண்ணால் பார்த்து மறிக்க நினைக்கிற புதுக் கைக்கு அது இருட்டு. இதைச் சொல்லுங்கள், ஆறுதலுக்காகச் சொல்கிற பொய் இல்லை இது. இரண்டு பேரும் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரில் இருந்து வயர் போடுங்கள். தூரம் குறையாது, ஆனால் தாமதம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கும்.

வேண்டுமென்று மட்டும் தோற்காதீர்கள். அவர் கண்டுபிடிப்பார், அந்தக் காயம் இருபது தோல்வியை விடப் பெரியது. உங்களுக்குப் பழக்கமே இல்லாத ஒருவரை எடுங்கள். அப்போது நீங்களும் தேடித் தேடித்தான் ஆட வேண்டியிருக்கும். அப்புறம், வென்ற மேட்ச் ஒன்றின் ரீப்ளேயைப் போட்டு, எந்த அடியால் அவரைத் திரும்பத் திரும்ப விழுத்தினீர்கள் என்று நீங்களே காட்டிக்கொடுங்கள். "அண்ணா, இது கீழால வரும், இருந்து மறிச்சால் நான் துலைஞ்சன்" என்று சொல்லுங்கள். உங்கள் வெற்றியில் கொஞ்சம் போகும். போகட்டும்.

பாகிஸ்தானின் அர்ஸ்லான் ஆஷ் 2019இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு ஈவோ டெக்கன் போட்டிகளையும் வென்றபோது, இவர் எங்கே இருந்து வந்தார் என்று உலகம் திகைத்தது. எங்கள் ஊரில் என்னை வெல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அவர் சொல்ல, தென்கொரியாவின் முன்னணி வீரர் ஒருவர் லாகூருக்கே போய் ஆடிப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார். ஆர்கேட்டில் தோளோடு தோள் நின்று ஆடிய கூட்டம் அது. தோற்றவன் பக்கத்திலேயே நின்று பார்ப்பான், கேட்பான், மறுநாள் திரும்பி வருவான். உங்கள் அண்ணா நிற்பதற்குப் பக்கம் இல்லை. ரவுண்ட் முடிந்ததும் திரை இருண்டுபோகிறது, அவர் தனியாக ஒரு பேஸ்மென்டில் இருக்கிறார். ஆகவே அடுத்த தரம் வட்ஸ்அப் அழைப்பைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு ஆடுங்கள். பாதி நேரம் ஊர்க்கதை போகட்டும். அண்ணாவின் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடமும் ஒரு ரவுண்டுக்குக் கொன்ட்ரோலரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வயதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்குத் தங்கப் பதக்கம் இருந்தது. அதை வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது 44 வயது. நீங்கள் அன்றைய அவரைவிடப் பத்து வயது இளையவர், அண்ணா ஆறு வயது இளையவர்.

கடைசியாக ஒன்று. டெக்கன் 8 வந்தபோது அதில் எடி இல்லை. 2024 ஏப்ரலில்தான் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற ஆளாக வந்து சேர்ந்தார். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். அண்ணாவிடம் சொன்னீர்களா? அந்த மூன்று இரவும் அவர் தனக்குத் தெரியாத யாரையோ வைத்துத்தான் ஆடியிருப்பார் என்று நினைக்கிறேன். ஞாயிறு இரவு ஏழரை நமக்கு, கோடைகாலத்தில் அவருக்கு அது காலை பத்து மணி. கேமைப் போடுவதற்கு முதல் ஒரு கோல் எடுத்து, "அண்ணா, எடி வந்திட்டான்" என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா