ஆறு நாவல்களின் உரிமையை மொத்தமாக விற்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ராஜபாளையத்தில் இருக்கிறோம். கணவர் நூற்பாலையில் சூப்பர்வைசர். ஆறு வருடமாகக் காதல் நாவல்கள் எழுதுகிறேன், 19 முடித்திருக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஆறரை வரை போனில் டைப் செய்வேன். மகள் கிளம்பிய பிறகு திருத்தம். ராத்திரி 9 மணிக்கு என் தளத்தில் யூடி (அன்றைய அத்தியாயம், 'அப்டேட்') போட்டே ஆக வேண்டும். நாவல் முடிந்ததும் லிங்க்கை எடுத்துவிட்டு அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றிவிடுவேன். போன வருடம் மொத்தம் ரூ.2,60,000 வந்தது. ஆனால் ஒரு மாதம் 41,000, இன்னொரு மாதம் 6,500. இப்போது ஒரு பதிப்பகம் என் பழைய ஆறு நாவல்களின் முழு உரிமையையும் ரூ.1,50,000க்குக் கேட்கிறது. அந்த ஆறும் சேர்ந்து கிண்டிலில் மாதம் சராசரியாக 5,500 தருகின்றன. ஜூனில் மகளுக்குக் கல்லூரி, விடுதிக் கட்டணம் 90,000 கட்ட வேண்டும். விற்றுவிடலாமா? 5 லட்சம் சீட்டு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா? எழுத்தாளருக்கு வரிச் சலுகை உண்டா?

பதில்: விற்காதீர்கள். பணம் கையில் வந்து நிற்கும்போது இதைக் கேட்பது கஷ்டம் என்று தெரியும். அதனால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மாதம் 5,500 என்றால் ஒன்றரை லட்சம் என்பது 27 மாத வருமானம். பழைய நாவல்களுக்கு வாசிப்பு குறைந்துகொண்டே வரும் என்பதால் பாதியாகவே வைத்துக்கொண்டாலும் நாலரை வருடத்தில் அந்தத் தொகை தானாக வந்துவிடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு நாவலின் உரிமை எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 வருடமும் இருக்கிறது. உங்களுக்கு வயது 41. எவ்வளவு நீண்ட காலத்தை எவ்வளவு சிறிய தொகைக்குக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று, இந்தக் கணக்கில் சிக்காதது. உங்கள் புது நாவலைப் படித்து முடித்த வாசகி, "இவங்க வேற என்ன எழுதியிருக்காங்க?" என்று அதே ராத்திரி பழைய நாவல்களைத் தேடிப் போகிறாள். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் அவள் படிக்கும் பக்கத்துக்கெல்லாம் உங்களுக்குப் பணம். 19இல் 6 போய்விட்டால் புது நாவலின் பலனும் குறையும். என் அம்மா வாடகை நூலகத்தில் ஒரு எழுத்தாளரைப் பிடித்துவிட்டால் அவருடைய எல்லா நாவல்களையும் வரிசையாகத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போவார். வாசகிகள் இன்றும் அப்படித்தான்.

பதிப்பகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அச்சு உரிமையை மட்டும் கொடுங்கள்: தமிழில், இந்தியாவுக்குள், மூன்று வருடத்துக்கு. தொகை குறையும், குறையட்டும். கிண்டிலில் நூல் ஏற்றும் பகுதியான கேடிபியின் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்த்திருந்தாலும் தடை இல்லை. 90 நாளுக்கு வேறெங்கும் வெளியிடக் கூடாது என்ற அதன் கட்டுப்பாடு மின்னூலுக்கு மட்டும்தான். அச்சு, ஆடியோ இரண்டும் அதில் வராது. ஒப்பந்தத்தில் ஆடியோ, மொழிபெயர்ப்பு, சினிமா, வெப் சீரிஸ் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். இருந்தால் அவற்றை அடித்து நீக்கச் சொல்லுங்கள். காலத்தையும் இடத்தையும் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் சட்டம் அதை 5 வருடம் என்றும், இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளும். ஆனால் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று அவர்களே அச்சடித்து வைத்திருந்தால், கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. முன்பு யாருக்காவது வாய்மொழியாக 'எடுத்துக்கோங்க' என்று சொல்லியிருந்தால் பயப்பட வேண்டாம். எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது.

சரி, ஜூன் கட்டணம்? சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே வங்கியில் கல்விக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். ரூ.4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. விடுதிக் கட்டணமும் அதில் அடங்கும். கணவர் இணை விண்ணப்பதாரராக இருக்கட்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்த வட்டியை மாதாமாதம் உங்கள் எழுத்துப் பணத்தில் கட்டிவிடுங்கள். கடன் கைக்கு வரத் தாமதமானால் முதல் தவணைக்கு மட்டும் வங்கியில் நகைக்கடன் போதும். அடகுக்கடைக்குப் போகாதீர்கள்.

ஏறி இறங்கும் வருமானத்துக்கு வருவோம். உங்களிடம் மளிகைக் கடைக்காரருக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. கிண்டிலில் ஒரு மாதத்துப் பணம், அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வருகிறது. ஜனவரியில் படிக்கப்பட்ட பக்கங்களுக்கு மார்ச் கடைசியில் பணம். ஆனால் பக்க எண்ணிக்கை அன்றன்றைக்கே உங்கள் கேடிபி அறிக்கையில் தெரிந்துவிடுகிறது. அடுத்த இரண்டு மாதம் கை இறுக்கமா, தாராளமா என்று இன்றைக்கே சொல்லிவிடலாம்.

அதனால் எழுத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். கிண்டில், செயலி, பதிப்பகம், எந்தப் பணமும் அங்கேதான் வர வேண்டும். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி அதிலிருந்து ரூ.14,000 மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். அதுதான் உங்கள் சம்பளம். 41,000 வந்த மாதமும் 14,000தான், 6,500 வந்த மாதமும் 14,000தான். வருடத்துக்கு 1,68,000 போனால் மீதி 92,000. அட்டைப்படம், பிழைதிருத்தம், கல்விக் கடன் வட்டி எல்லாம் அதிலிருந்து. முதலில் ஆறு மாதச் சம்பளம், அதாவது 84,000, அந்தக் கணக்கில் சேரும்வரை வேறு எந்த முதலீடும் வேண்டாம்.

கடிதத்தில் 'போட்டே ஆக வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. காய்ச்சலில் படுத்தாலும் ராத்திரி 9 மணிக்கு "யூடி எங்கே சிஸ்?" என்று கேள்வி வரும், தெரியும். அந்த 84,000 இருந்தால் இரண்டு வாரம் எழுதாமல் படுக்கலாம். போனில் குனிந்து ஆறு வருடம் டைப் செய்த கழுத்தும் கட்டைவிரலும் உங்கள் தொழிலின் கருவிகள். ஒரு சாதாரண லேப்டாப் வாங்குங்கள். அது ஆடம்பரம் இல்லை, தொழில் செலவு. ஆலை தரும் மருத்துவக் காப்பீடு கணவரின் வேலையோடு முடிந்துவிடும் என்பதால் உங்கள் பெயரில் தனி பாலிசியும் எடுங்கள்.

சீட்டு வேண்டாம். 6,500 வந்த மாதத்தில் தவணைக்கு எங்கே போவீர்கள்? 84,000 சேர்ந்த பிறகு பிபிஎஃப் என்ற பொது சேமநல நிதி போதும். வருடத்துக்கு 500 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை, முடிந்தபோது முடிந்ததைப் போடலாம்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. எழுத்தாளரின் ராயல்டிக்கு ரூ.3 லட்சம் வரை விலக்கு தரும் சலுகை பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் எப்படியும் வரி வராது. ஆனாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். பதிப்பகம் முன்கூட்டியே பிடித்த வரி (டிடிஎஸ்) திரும்பக் கிடைக்கும். உங்கள் பெயரில் வருமானச் சான்றும் இருக்கும். அமேசான் கணக்கில் வரி விவரப் பகுதியில் உங்கள் பான் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அமெரிக்கத் தளத்தில் விற்கும் பிரதிகளுக்கு 15 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

அப்புறம், பதிப்பகத்துக்குப் பதில் எழுதும் முன் ஒரு நோட்டு போடுங்கள். 19 நாவலுக்கும் தலா ஒரு பக்கம்: முடித்த தேதி, கிண்டிலில் ஏற்றிய தேதி, அச்சு யாரிடம், ஆடியோ யாரிடம், எந்தத் தேதி வரை. கடைசிப் பக்கத்தில் கேடிபி கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று மகளிடம் சொல்லி வையுங்கள்.