அரியர் இல்லாமல் முடிப்பதுதான் முதல் வேலை

வணக்கமுங்க அண்ணா,

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் இ.சி.இ. கடைசி வருடம் படிக்கிறேன். தினமும் கோபியிலிருந்து பஸ். ஆகஸ்டிலிருந்து கேம்பஸில் ஆள் எடுக்கக் கம்பெனிகள் வருகின்றன. நான்கு எழுதினேன், இரண்டில் ஆப்டிட்யூட் தாண்டி இன்டர்வியூவில் போய்விட்டது. ராத்திரி பன்னிரண்டு வரை விண்ணப்பமும் ஆப்டிட்யூட் பயிற்சியும்தான். இதில் இரண்டு இன்டர்னலில் மார்க் குறைந்துவிட்டது, புராஜெக்ட்டும் நகரவில்லை. சொந்தக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் 'வேலை ஆயிருச்சா கண்ணு' என்கிறார்கள். எதை விடுவது, எதைப் பிடிப்பது? பெயர் போட வேண்டாம்.

வணக்கம் அம்மிணி,

இந்த நவம்பர் செமஸ்டரைப் பிடியுங்கள். பல ஐ.டி. கம்பெனிகள் அரியர், அதாவது தேறாமல் நிற்கும் பேப்பர், இருந்தால் தேர்வு எழுதவே விடுவதில்லை. வேலை ஆர்டர் கையில் வந்த பிறகும் டிகிரியை ஒழுங்காக முடித்தால்தான் அது செல்லும்.

பட்டுத்தான் சொல்கிறேன். என் கடைசி வருடத்தில் மாதம் இரண்டு மூன்று தடவை ஈரோட்டில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு இன்டர்வியூவுக்கு ஓடினேன். ஒரு கம்பெனியில் ஆர்டர் கிடைத்தது. அப்பா வீட்டில் எல்லாரையும் பண்ணாரிக்குக் கூட்டிப்போனார். ஆனால் ஏழாவது செமஸ்டரில் ஒரு பேப்பர் நின்றுவிட்டது, எட்டாவதோடு சேர்த்து எழுதியும் தேறவில்லை, ஜூலையில் சேர வேண்டிய ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். அந்தப் பேப்பரின் வகுப்புகளில் பாதிக்கு மேல் நான் ரயிலில் இருந்தேன். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்றும் வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தடவை ஆப்டிட்யூட் தாண்டியிருக்கிறீர்கள், போனது இன்டர்வியூவில். அப்புறம் எதற்கு ராத்திரியெல்லாம் ஆப்டிட்யூட்? அந்த நேரத்தைப் புராஜெக்ட்டுக்குக் கொடுங்கள். படித்து முடிக்கப்போகிறவரிடம் அனுபவம் என்று கேட்க ஒன்றுமில்லை, அதனால் உள்ளே போனதும் புராஜெக்ட்டைத்தான் தோண்டுவார்கள். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் என்றால் மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

புராஜெக்ட்டுக்கு விஷயம் தேடி வெளியே அலைய வேண்டாம். உங்கள் ஊர்த் தோட்டங்களில் போர்வெல் வற்றியது தெரியாமல் மோட்டார் ஓடிக் காயில் எரிகிறதே, அதை எடுங்கள். தண்ணீர் இல்லாதபோது மோட்டார் இழுக்கும் கரன்ட் குறையும், அதை ஒரு சென்சாரில் பார்த்து மோட்டாரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். கடையிலும் இது கிடைக்கிறது. ஆனால் ரீவைண்டிங் கடையில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, கருகிய காயிலைக் கையில் வாங்கிப் பார்த்து, சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கிறது என்று கடைக்காரர் வாயால் கேட்டுவிட்டு நீங்கள் இன்டர்வியூவில் பேசினால், அந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

விண்ணப்பத்துக்கு ஞாயிறு காலை மட்டும் போதும். ஒரே ரெஸ்யூமேயை நாற்பது இடத்துக்குத் தட்டிவிடுவதை விட, மூன்று இடத்துக்கு அந்தந்த வேலையைப் படித்து மாற்றி எழுதுங்கள். பத்தரைக்குப் படுத்துவிடுங்கள். எம்.இ., எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வு மனதில் இருந்தால் இந்தப் பிப்ரவரியில் வேண்டாம், படித்து முடித்த பிறகும் எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.

கேம்பஸில் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் பம்பும் மோட்டாரும் செய்கிற சிறிய இடங்கள் பல, கல்லூரிக்கு வந்து ஆள் எடுப்பதில்லை, ரிசல்ட் வந்த பிறகு நேரில் போய்க் கேட்க வேண்டும். மத்திய அரசின் நாட்ஸ் திட்டத்தில் உதவித்தொகையோடு ஒரு வருடம் அப்ரென்டிஸாகவும் சேரலாம்.

சொந்தக்காரர்கள் கேட்டால் 'பரீட்சை முடியட்டுங்க' என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பரீட்சை முடிந்ததும் எழுதுங்கள். குறிச்சியில் மோட்டார் செய்கிற இரண்டு பேரை எனக்குத் தெரியும், உங்கள் புராஜெக்ட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.