மாட்டுக்கு 3, கோழிக்கு 13: விலங்குகளின் இரத்தச் சர்க்கரை பற்றிச் சில கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆடு மாடு வளர்ப்பவர்களும், வீட்டில் நாய் பூனை வைத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் கால்நடை மருத்துவன். விலங்குகளின் உடல் சர்க்கரையை எப்படிச் செய்கிறது, எப்படிச் செலவழிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கேள்விகளில் பாதி ஒரே இடத்தில் தொடங்குகின்றன: வீட்டில் யாருக்கோ இனிப்பு நீர், குத்திப் பார்க்கும் மெஷின் கையில் இருக்கிறது, அதையே விலங்குக்கும் பயன்படுத்தலாமா? 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கும்போது இப்படிக் கேட்பது இயல்புதான். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

அப்பாவின் மெஷினில் மாட்டுக்குக் குத்திப் பார்த்தேன். 2.9 காட்டியது. மனுஷனுக்கு இந்த அளவு வந்தால் மயக்கமே வந்துவிடும். மாடு பாட்டுக்குப் புல் மேய்கிறது. மெஷின் கோளாறா? (செம்பனைத் தோட்டத்தில் மாடு வளர்க்கும் அண்ணன்)

மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அண்ணே. மாட்டின் இரத்தத்தில் சர்க்கரை பொதுவாக லிட்டருக்கு 2.5 முதல் 4 மில்லிமோல் (உங்கள் மெஷின் காட்டும் அதே அலகு) வரைதான் இருக்கும். நமக்குக் கை நடுங்கி வியர்க்க வைக்கும் அளவு மாட்டுக்கு வழக்கமான அளவு.

காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது. நாம் சோறு சாப்பிட்டால் மாவுச்சத்து குடலில் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுகிறது. மாடு தின்னும் புல் முதலில் பெரிய வயிற்றில் போய்த் தங்குகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்ற அமிலங்களாக மாற்றிவிடும். சர்க்கரையாகவே குடலுக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு. மாட்டின் ஈரல் அந்தப் புரோப்பியோனிக் அமிலத்தை எடுத்துத் தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே செய்துகொள்கிறது. நமக்கு ஈரல் இந்த வேலையைப் பட்டினி நேரத்தில்தான் மும்முரமாகச் செய்யும். மாட்டுக்கோ தின்னத் தின்ன இந்த வேலை கூடுகிறது. எனக்கு இந்த ஆராய்ச்சியில் ஈடுபாடு வந்ததே இந்த ஒரு விஷயத்தைப் படித்த பிறகுதான்.

கன்று போட்டு மூன்று வாரம் ஆகிறது. புல் தின்கிறது, தீவனத்தைத் தொட மாட்டேன் என்கிறது. பால் பாதியாகிவிட்டது. வாயில் ஒரு மாதிரி இனிப்பு வாடை. சர்க்கரை குறைந்துவிட்டது என்றால் வெல்லத் தண்ணீர் கொடுக்கலாமா? (அதே அண்ணன், இன்னொரு மாட்டைப் பற்றி)

இது கவனிக்க வேண்டியது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கீட்டோசிஸ் என்ற நோய்க்குப் பொருந்துகின்றன. ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறக்குறைய 72 கிராம் சர்க்கரை மடிக்குப் போக வேண்டும். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு முக்கால் கிலோ சர்க்கரை பாலுக்கே போய்விடும். கன்று போட்ட முதல் வாரங்களில் பால் வேகமாக ஏறும், மாட்டின் பசி அந்த வேகத்தில் ஏறாது. ஈரலால் ஈடுகொடுக்க முடியாதபோது உடல் கொழுப்பைக் கரைக்கிறது. அந்தக் கொழுப்பு முழுதாக எரியாமல் கீட்டோன்களாக இரத்தத்தில் தேங்குகிறது. மூச்சில் வரும் வாடை அதுதான். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை மாதிரி இருக்கும்.

இங்கே சர்க்கரை மெஷினை விடக் கீட்டோன் பார்க்கும் மெஷின் உதவும். மனிதர்களுக்கென்று விற்கும் கையடக்கக் கீட்டோன் மெஷின் மாட்டிரத்தத்திலும் நன்றாக வேலை செய்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1.2 மில்லிமோலுக்கு மேல் போனால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம்.

வெல்லத் தண்ணீர் வேண்டாம். வாய் வழியாகப் போகும் வெல்லம் பெரிய வயிற்றிலேயே புளித்துவிடும், இரத்தத்துக்குச் சர்க்கரையாக வந்து சேராது. அளவு கூடினால் வயிறு புளிப்பேறி மாடு படுத்துவிடும். கால்நடை மருத்துவர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார். அப்புறம் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சில நாட்களுக்கு வாயில் ஊற்றச் சொல்வார். அதன் ஒரு பகுதி பெரிய வயிற்றில் புளிக்காமலேயே ஈரலுக்குப் போய்ச் சர்க்கரையாகும். ஒரு எச்சரிக்கை: காருக்கு ஊற்றும் கூலண்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது விஷம். யார் சொன்னாலும் அதை ஊற்றாதீர்கள்.

நம் முன்னோர்கள் தோட்டங்களில் வளர்த்த இந்திய வழி மாடுகளுக்கு, இங்கே எல்ஐடி (லோக்கல் இந்தியன் டெய்ரி) என்று சொல்கிறோமே அவற்றுக்கு, இந்த நோய் அவ்வளவாக வராது. பால் குறைவு, அதனால் ஈரலுக்குச் சுமையும் குறைவு. அதிகம் கறக்கும் ஃபிரீஷியன் கலப்பு வைத்திருப்பவர்கள்தான் முதல் மாதம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

ஆட்டுக்கும் இது வருமா?

வரும், ஆனால் குட்டி போடுவதற்கு முன்பே. வயிற்றில் இரண்டு மூன்று குட்டிகள் இருந்தால் கடைசி ஒரு மாதத்தில் வரலாம். மிகவும் கொழுத்த ஆட்டுக்கும் வரும், மெலிந்த ஆட்டுக்கும் வரும். சினையாடு மந்தையை விட்டு ஒதுங்கி நின்று, தின்னாமல் இருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். மறுநாள் வரை வைத்திருந்தால் தாயும் குட்டியும் பிழைப்பது கடினம்.

என் பூனை ஏழு கிலோ. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது. கிளினிக்கில் சர்க்கரை 14 என்றார்கள். ஆனால் உடனே மருந்து தராமல் இன்னொரு டெஸ்ட் எடுக்கணும் என்கிறார்கள். காசு பிடுங்கவா? (ஒரு அக்கா)

இல்லை அக்கா, அவர்கள் முறையாகத்தான் செய்கிறார்கள். பூனைக்குப் பயம் வந்தாலே சர்க்கரை ஏறிவிடும். கூடையில் அடைத்து, காரில் ஏற்றி, நாய் குரைக்கும் இடத்தில் உட்கார வைத்தால் நோயே இல்லாத பூனைக்கும் 14, 15 காட்டலாம். அதனால் ஃபுரக்டோசமின் என்ற சோதனையைச் செய்வார்கள். முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது சொல்லும். அந்த ஒரு மணி நேரப் பயம் அதில் தெரியாது.

நோய் உறுதியானாலும் மனம் தளராதீர்கள். பூனைக்கு வருவது நம்முடைய இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது: உடல் பருமன், இன்சுலினுக்கு உடல் மசியாமை, கணையத்தில் அமிலாய்டு என்ற புரதம் படிவது. ஆரம்பத்திலேயே இன்சுலின் போட்டு, மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த உணவு கொடுத்தால் பல பூனைகளுக்குப் பிறகு இன்சுலினே தேவைப்படாமல் போகிறது. சோறும் உலர்தீவனமும் குறையட்டும். எடையை மெதுவாகக் குறையுங்கள். பட்டினி போட்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு நிறைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து வகையும் பூனைகளுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்சாகிளிஃப்ளோசின், 2023-இல் வெலாகிளிஃப்ளோசின் அனுமதி பெற்றன. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது. மெஷினில் சர்க்கரை நன்றாக இருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடும் அபாயமும் உண்டு.

நாய்க்கு இனிப்பு நீர் என்று சொல்லிவிட்டார்கள். என்னுடைய மெட்ஃபார்மின் மாத்திரையில் பாதி கொடுத்துக்கொண்டு வருகிறேன். சரிதானே? (வேலை ஓய்வு பெற்ற ஐயா)

ஐயா, அதை நிறுத்திவிட்டு இன்றே நாயை மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்குப் பெரும்பாலும் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோயிருக்கும். அதனால் மாத்திரையை நம்ப முடியாது, வாழ்நாள் முழுக்க ஊசிதான். இன்சுலின் இல்லாமல் நாட்கள் போகப் போக அதன் உடலிலும் கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கும். கண்புரையும் நாய்க்குச் சீக்கிரம் வந்துவிடும். பெட்டை நாய் என்றால் சினைப்பையோடு கருப்பை எடுப்பதைப் பற்றியும் கேளுங்கள். பருவத்துக்குப் பிறகு ஏறும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது.

ஊசியில் ஒரு முக்கியமான விஷயம். விலங்குகளுக்கான சில இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், உங்களுடையது 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு தவறும். உங்கள் சிரிஞ்சை எடுக்கவே எடுக்காதீர்கள்.

மெஷினும் அப்படித்தான். நம் இரத்தத்தில் சர்க்கரையின் 42 விழுக்காடு சிவப்பணுவுக்குள் இருக்கிறது, நாய்க்கு 12.5 மட்டுமே, பூனைக்கு 7. மனித மெஷின் நம் கணக்கை வைத்துச் செய்யப்பட்டது, அதனால் நாய்க்கு வழக்கமாக உண்மையை விடக் குறைத்துக் காட்டும்.

தம்பி, இந்த இன்சுலின் மாட்டிலிருந்து எடுப்பதா? நாங்கள் மாட்டுக்கறி தொடுவதில்லை. நானும் இருபது வருஷமாகப் போட்டுக்கொள்கிறேன். (ஒரு அம்மா)

அம்மா, கவலைப்படாதீர்கள். ஒரு காலத்தில் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். 1982-இல் நுண்ணுயிரை வைத்து மனித இன்சுலினைச் செய்யும் முறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போது மனிதர்களுக்குப் பெரும்பாலும் அப்படிச் செய்ததுதான். சந்தேகமிருந்தால் மருந்தகத்தில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

நாய்களுக்குப் பன்றி இன்சுலின் இன்றும் பயன்படுகிறது, ஏனென்றால் இரண்டும் அச்சு அசல் ஒன்று. நம்முடையதில் உள்ள 51 அமினோ அமிலங்களில் பன்றிக்கு ஒன்று மட்டும் மாறும், மாட்டுக்கு மூன்று. உங்களுக்குக் கிடைத்த அந்த இருபது வருஷத்துக்குப் பின்னால் நாய்கள் இருக்கின்றன, அம்மா. 1889-இல் ஸ்டிராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தபோதுதான் அதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களிடம் சோதித்துத்தான் இன்சுலினைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. இன்று ஒரு நாய்க்குச் சர்க்கரை என்று வரும்போது செலவைப் பார்த்துக் கைவிடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

உடும்புக் கறி இனிப்பு நீரைக் குறைக்கும் என்கிறார்களே?

குறைக்காது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரிலிருந்து 1992-இல் ஜான் எங் என்ற மருத்துவர் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார், அதைப் பின்பற்றிச் செய்த எக்செனடைட் 2005-இல் மருந்தானது. அது ஆய்வகத்தில் தயாராவது, ஊசியாகப் போடுவது. சமைத்துத் தின்றால் அப்படிப்பட்ட பொருள் வயிற்றிலேயே செரித்துவிடும். இங்கே உரிமம் இல்லாமல் உடும்பு பிடிப்பது 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கோழிக்கு 13 காட்டியது.

அது சரியான அளவுதான். கோழிக்கு 11 முதல் 15 வரை சாதாரணம். விட்டுவிடுங்கள்.

சீனி இல்லாத சூயிங்கம் பாக்கெட்டை நாய்க்குட்டி கடித்துவிட்டது. சீனிதான் இல்லையே, பரவாயில்லையா? (கல்லூரி மாணவி)

பரவாயில்லை என்று இருந்துவிடாதே, தங்கச்சி. அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று அட்டையில் பார். நமக்கு அதனால் தீங்கில்லை. நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்திலேயே சர்க்கரை சரிந்து தள்ளாட்டம், வலிப்பு வரலாம், ஈரலும் கெடலாம். தள்ளாடினால் போகும் வழியிலேயே ஈறில் கொஞ்சம் தேன் தடவு, மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதே. பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போ, எத்தனை துண்டு போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் மருத்துவர் அளவைக் கணக்கிடுவார்.